பேச்சியின் இடத்தில் ஒரு குரங்கு

என் ஆசைக்கும் எரிச்சலுக்கும் உரிய அக்கா,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. போடியில் எல்லாரும் நலம். நான் மட்டும் உன்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறேன். செத்துப்போனவள்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்காதே. உனக்குப் பிறகு அந்த ஏலக்காய்க் கொட்டகையில் கதை சொல்லிப் பார்த்தால் தெரியும்.

மலைமேல் துரை பங்களாவிலிருந்து ஜீப்பு டிரைவர் மாமா கொண்டுவரும் படக்கதைப் புத்தகங்கள் இப்போதும் வருகின்றன. துரை வீட்டுப் பிள்ளைகள் படித்துக் கிழித்தது போக மிச்சம். வானத்தில் பறந்து திருடர்களைப் பிடிக்கும் நாலு சின்னப் பிள்ளைகளின் கதை. நீ ஒரு எழுத்து இங்கிலீஷ் தெரியாமல், படத்தை மட்டும் பார்த்து, காய் பொறுக்கிக்கொண்டே மற்ற பெண்களுக்குச் சொல்வாயே, அதேதான். நீல அங்கி போட்ட பெண்பிள்ளைக்குப் பேச்சி என்று பெயர் வைத்தாய். அவளை நம் பக்கத்துக் குரங்கணி ஊர்க்காரி ஆக்கினாய். மூன்று பையன்களையும் அவள் சொல் கேட்க வைத்தாய். நீ கதை சொல்லவில்லை அக்கா, கதை விட்டாய். பட்டம் விட்டது போல எல்லாரும் அண்ணாந்து கேட்டார்கள்.

நான் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் படிக்கிறவள். உள்ளதை உள்ளபடி படித்துச் சொல்லி உன்னை ஓரங்கட்டிவிடலாம் என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் உன் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, அச்சில் உள்ள கதை எவ்வளவு சப்பை என்று. அந்தப் பிள்ளைகளுக்குப் பசிக்காது. இருட்டிவிட்டது, வீட்டுக்கு வா என்று ஒருவரும் கூப்பிடுவதில்லை. மாடியிலிருந்து விழுந்தாலும் அங்கி கசங்காது. பேச்சிக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? ‘அதோ பார்’, ‘ஜாக்கிரதை’, ‘சீக்கிரம்’. புத்தகம் முழுக்க அவள் பேச்சு அவ்வளவுதான். பேச்சி என்று பெயர் வைத்தாயே, பேச விட்டார்களா பார்.

இதைச் சொன்னதற்கு, உன் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கும் வெள்ளத்தாயி அத்தை முறத்தை வைத்துவிட்டு என்னை முறைத்தது.

“அச்சடிச்சவன் தப்பா அடிச்சிருப்பான். உங்கக்கா சொன்னதுதான் கதை.”

“அக்கா படத்தப் பாத்து அடிச்சு விட்டுச்சு அத்தை. நான் படிச்சுல்ல சொல்றேன்.”

“அவ சொல்லையில காய் பொறுக்குனதே தெரியாதுடி. நீ சொல்லையில கழுத்து வலிக்குது.”

அந்தப் பறக்கும் பிள்ளைகள்மேலும் எனக்குப் பொறாமைதான். பாலம் உடைந்தால் பஸ்சையே தூக்கி அக்கரையில் வைக்கிறார்கள். மலையில் காய் பறிக்கப் போன உன்னைக் காய்ச்சலோடு ஏற்றிவந்த ஜீப்பு, போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்து நின்றதே, அன்றைக்கு எந்தப் பிள்ளை பறந்து வந்தது?

போன வாரம் புதுப் புத்தகம் வந்தது. அட்டையில் மூன்று பையன்களும் இருக்கிறார்கள். பேச்சி இல்லை. அவள் இடத்தில், அவளுடைய நீல அங்கியை மாட்டிக்கொண்டு ஒரு குரங்கு பறக்கிறது. கடைசிப் பக்கம் வரை தேடினேன். ஏன் போனாள், எங்கே போனாள் என்று ஒரு வரிகூட இல்லை. கூட இருந்த பிள்ளை காணாமல் போனால் மற்ற பிள்ளைகள் தேட மாட்டார்களா அக்கா?

கொட்டகையில் படத்தைக் காட்டினேன்.

“குரங்கக் கொண்டாந்து நிப்பாட்டிருக்கான். அது ஏலக்காட்ட அழிக்கிறது பத்தாதாக்கும்,” என்றது ராமுத்தாயி மதினி. யாரும் சிரிக்கவில்லை.

“பேச்சி செத்துட்டாளா?” என்று வெள்ளத்தாயி அத்தை மெதுவாகக் கேட்டது. உன் காரியத்தன்று வந்து உட்கார்ந்திருந்தபோது இருந்த அதே முகம்.

அச்சில் ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. படத்தின் மேல் ஓரத்தில் வெறும் வானம் இருந்தது. அதில் விரலை வைத்தேன்.

“இந்தா இங்கன இருக்கா. இவனுக பறக்குற உசரத்துக்கும் மேல போயிட்டா. படம் போடுறவனுக்கு எட்டல, அதான் வரையல. அங்கி கனக்குதுன்னு கழட்டிப் போட்டா, குரங்கு எடுத்து மாட்டிக்கிருச்சு.”

அத்தை அந்த வெறும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கை காய்க்குத் திரும்பியது.

“மேல போயி என்ன செய்றா?”

சாயங்காலம் வரை சொன்னேன். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. கிளம்பும்போது அத்தை என் தலையில் கை வைத்தது. பாராட்டப் போகிறது என்று நின்றேன்.

“உங்கக்கா உன்கிட்ட இதெல்லாம் சொல்லி வச்சுட்டுத்தான் போயிருக்கா. உனக்கா இப்படி வரும்?”

பார்த்தாயா? நான் விட்ட முதல் கதை, அதற்கும் பெயர் உனக்குத்தான். உயிரோடு இருந்தால் உன் ஜடையைக் கட்டில் காலில் கட்டியிருப்பேன்.

இனி வாராவாரம் விடுவேன். நீ நினைத்தே பார்க்காத இடத்துக்கெல்லாம் பேச்சியைக் கூட்டிப் போவேன். ‘இத உங்கக்காவால சொல்லியிருக்க முடியாதுடி’ என்று அத்தை வாயால் ஒருநாள் சொல்ல வைப்பேன். அதுவரை அவளை ஒரு படத்திலும் சாக விடமாட்டேன். இது சத்தியம்.

உன் இடத்தில் உட்கார்ந்துகொண்டே உன்மேல் எரியும்
உன் தங்கச்சி,
ராசாத்தி