கார் பூட்டில் கல்யாண விருந்து

8.6 சனி

காலையிலிருந்தே வெயில். பிரஷர் 150/95. தினமும் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர், எழுதுகிறேன். உப்பு குறைக்கவில்லை.

கோயிலில் தாலி ஏறிவிட்டது. அக்கா மகள் கல்யாணம். தாய்மாமன் என்று என்னைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். சாயங்காலம் மண்டபத்தில் விருந்து. உள்ளே வெறும் ஆரஞ்சுத் தண்ணீர். ஆண்களுக்குக் கார் பார்க், காரின் பின்னால் சாமான் வைக்கும் பூட்டைத் திறந்துவைத்து விஸ்கி. யார் கார் பூட்டைச் சுற்றிக் கூட்டம் அதிகமோ அவன்தான் அன்றைக்கு ராஜா. எப்போதும் என்னுடையதுதான்.

கார் கழுவியாச்சு. ஆயர் ஈத்தாம் சந்தையில் வாங்க: ஐஸ், பிளாஸ்டிக் கப், கொறிக்கக் கச்சாங் கடலை. விஸ்கி இன்னும் ஒரு போத்தல்.

மகன் ரூபனுக்குப் பதினாறு. இன்றைக்கு அவனுக்கும் ஒரு கப். பெண்டாட்டி விமலா முறைக்கிறாள். எங்கேயோ ஒளிந்து மலிவுச் சம்சுச் சாராயம் குடித்துச் சாவதைவிட, அப்பன் கையால் பழகட்டும்.

9.6 ஞாயிறு

தூக்கம் இல்லை.

ஒரு கப் நாலானது. அக்காவின் சின்ன மகன் பிரேமும் வந்து நின்றான். பதினேழு வயது. இரண்டு பேருக்கும் தண்ணீர் கலக்காமல் ஊற்றினேன். முதலில் முடிப்பவன்தான் ஆம்பளை என்றேன். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள், நானும்தான். பிரேம் முடித்துவிட்டான். ரூபன் சட்டையெல்லாம் வாந்தி.

"இவனுக்குப் பால் போத்தல் குடுங்க லா மாமா" என்றான் பிரேம். எல்லாரும் சிரித்தோம்.

ரூபன் காலிப் போத்தலை எடுத்துத் தூணில் அடித்தான். உடைந்ததை அப்படியே பிரேம் முகத்தில் குத்தினான். பிரேம் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான், விரலிடுக்கில் ரத்தம். தூக்கிக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். நானும் குடித்திருந்தேன். சிவப்பு விளக்கு எதையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து ரூபனைப் பெல்ட்டால் அடித்தேன். இரும்பு பக்கிள் பக்கமாக. விமலா பெல்ட்டைப் பிடுங்கி மாடியிலிருந்து கீழே எறிந்தாள். புது பெல்ட்.

10.6 திங்கள்

மழை. பிரஷர் பார்க்கவில்லை.

வேலைக்குப் போனேன். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுபோய்ப் பெட்டியில் இடித்தேன். தட்டிக்கேட்டவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். சூப்பர்வைசர் வீட்டுக்குப் போகச் சொன்னான்.

யாரைக் குறை சொல்வது? ஃபோன். ஸ்கூல் கூட்டாளிகள். வயசு கேட்காமல் விற்கிற கடைக்காரன். விமலா கொடுத்த செல்லம். பிரேமின் வாய்.

ஆஸ்பத்திரியில் அக்கா ரூபனைத் திட்டவில்லை, குடிதான் குத்தியது என்றாள்; பிள்ளைகளுக்கு யார் ஊற்றியது என்று கேட்டாள். பெண்கள் எல்லாரும் மண்டபத்துக்குள் இருந்தார்கள், அவள் பார்க்கவில்லை. யாரோ வெளிப் பையன்கள் கொண்டுவந்தது என்றேன். பொய் தானாக வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல வேள நீ இருந்த தம்பி. இல்லன்னா எம் புள்ள அங்கயே செத்திருப்பான்."

கூட நின்றவர்கள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவர்கள் பிள்ளைகளும்தான் என் பூட்டில் குடித்தார்கள்.

11.6 செவ்வாய்

அக்கா வீட்டுக்காரர் போலீஸில் ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்.

யார் ஊற்றியது என்று கேட்டால் என்ன சொல்வது என்று ரூபனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வெளிப் பையன்கள், பெயர் தெரியாது, அவ்வளவுதான். மாட்டேன் என்றான். கன்னத்தில் ஒன்று விட்டேன். இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். என்னால் இழுக்க முடியவில்லை. பயல் எப்போது இப்படி வளர்ந்தான்.

"ஊத்தறப்ப ஆம்பளன்னீங்க. அடிக்கறப்ப மட்டும் சின்னப் பையனாப்பா?"

கதவைக் குத்தினேன். பலகை பிளந்துவிட்டது. விரல் வீங்கிக்கிடக்கிறது, விமலா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பயமாக இருக்கிறது. போலீஸுக்கு இல்லை. அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அக்கா. அவளுக்குத் தெரிந்தால் நான் எங்கே போய் நிற்பது?

12.6 புதன்

பிரேமுக்கு இடது கண் போய்விட்டது. காலையில் டாக்டர் சொன்னார். அக்கா வீட்டுக்காரர் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். இரண்டு நர்ஸ்கள் பிடித்து இழுத்தார்கள்.

மதியம் விசாரிக்கப் போலீஸ்காரர் வந்தார், தமிழர்தான். அக்கா கஞ்சிப் பிளாஸ்க்கை என் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். நான் கால்மாட்டில். பிரேமுக்கு இன்றைக்குத்தான் பேச்சு வந்தது, இரண்டு கண்ணிலும் கட்டு. நான் இருப்பது அவனுக்குத் தெரியாது. இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

யார் குடிக்கக் கொடுத்தது என்று கேட்டார்.

"மாமாதான் சார் ஊத்துனாரு. அவரு கை தட்டணும்னுதான் நாங்க ரெண்டு பேரும் குடிச்சோம்."

"எந்த மாமாடா?" என்றாள் அக்கா.

அவளுக்கு என்னை விட்டால் வேறு தம்பி கிடையாது.