பதினொன்றாவது ஓட்டு

அக்கா,

சனிக்கிழமை காலை உங்கள் மருமகள் தர்சினி ஒரு அலுமாரிக் கதவைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றாள். நீங்கள் குசினி என்கிற உங்கள் சமையலறையின் அலுமாரிக் கதவு. தூள் போத்தல்கள் அடுக்கியிருக்குமே, அந்த அலுமாரி. வீட்டை விற்கப்போகிறார்களாம். பழைய குசினியோடு நல்ல விலை போகாது என்று ஏஜெண்ட் சொன்னதால் எல்லாவற்றையும் கழற்றுகிறார்கள். "மாமி ஒட்டின பேப்பர் எல்லாம் இதில இருக்கு அன்ரி. குப்பையில போட மனம் வரேல்ல" என்றாள். கதவைச் சுவரில் சாய்த்து வைத்ததும் உங்கள் மிளகாய்த் தூள் வாசனை என் வீடெல்லாம் பரவிவிட்டது. நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது, இன்னும் எனக்குத் தும்மல் வரவைக்கிறீர்கள்.

மற்றவர்கள் அலுமாரிக் கதவில் நாள்காட்டி ஒட்டுவார்கள், சாமி படம் ஒட்டுவார்கள். நீங்கள் நம் தொகுதியின் தேர்தல் முடிவுகளை ஒட்டி வைத்திருந்தீர்கள். மேலே மஞ்சளித்துப்போன உள்ளூர்ப் பத்திரிகைத் துண்டுகள், கீழே வர வரக் கம்ப்யூட்டரில் எடுத்த தாள்கள். எந்தப் பள்ளிக்கூடச் சாவடியில் எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்று சிவப்புப் பேனாவாலும் நீலப் பேனாவாலும் கோடு போட்டிருக்கிறீர்கள். பருப்புக்குத் தாளிக்கக் கடுகு எடுக்கப் போனவர் பத்து நிமிடம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். எண்ணெய் புகைந்த பிறகுதான் ஞாபகம் வரும்.

இந்தக் கதவில் உள்ள பட்டியல் இனி நீளாது, அக்கா. தபாலில் கடிதம் வந்துவிட்டது. எல்லைகளைத் திருத்தி, நம் தொகுதியின் பெயரையே எடுத்துவிட்டார்கள். நம் தெரு இனி வேறொரு தொகுதியில் சேர்த்தி. நீங்கள் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சண்டை பிடித்திருப்பீர்கள்.

நாம் முதன்முதலில் சந்தித்ததும் ஓட்டுப் போடும் வரிசையில்தான். குடியுரிமை வாங்கி எனக்கு அது முதல் தேர்தல். கிரவீன் என்ற இந்தப் புறநகருக்குக் குடிவந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூட வாசலில் வெங்காயம் வதக்கி, ரொட்டியில் சாசேஜ் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். விருதுநகரில் ஓட்டுச்சாவடி என்றால் போலீஸ்காரர் நிற்பார், இங்கே சமையல்காரர் நிற்கிறாரே என்று நான் என் கணவரிடம் முணுமுணுத்தது உங்கள் காதில் விழுந்து திரும்பினீர்கள்.

"இந்தியாவே நீர்?" என்றீர்கள்.

நீர் என்று என்னை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. புராண நாடகத்துக்குள் கால் வைத்துவிட்டேனோ என்று விழித்தேன். விரலில் மை வைப்பார்களா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். உள்ளே போய்ப் பார்த்தால் கயிற்றில் கட்டிய பென்சில். வெளியே வந்ததும் உங்களிடம் பொரிந்து தள்ளினேன். "என்னக்கா இது, பென்சிலாம். அழிச்சிட்டு வேற போட எவ்வளவு நேரமாகும்?"

நீங்கள் சிரிக்கவில்லை. "ஊரில நான் வோட்டுப் போடப் போனனான். எனக்கு முந்தியே ஆரோ என்ர பேரில போட்டிட்டுப் போயிட்டினம். அடையாள அட்டையைக் கையில வச்சுக்கொண்டு அழுதுகொண்டு திரும்பி வந்தனான். இங்க பென்சில் எண்டாலும் அது என்ர கையில இருக்கு" என்றீர்கள். அன்றைக்கே உங்கள் வீட்டில் எனக்கு மதியச் சாப்பாடு.

அந்தக் கதவைக் காட்டி நீங்கள் சொல்லித்தான் நான் குடியிருந்த இடமே எனக்குத் தெரிந்தது. ஒரு காலத்தில் இங்கே எல்லாம் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள், சின்னச் சின்ன வீடுகள். சிவப்புக் கட்சி ஒரு விளக்குமாற்றை நிறுத்தினாலும் ஜெயிக்கும். பிறகு எல்லையை நகர்த்தி, மேட்டுப் பக்கம் இருந்த பெரிய செங்கல் வீடுகளைச் சேர்த்தார்கள். தொகுதி நீலக் கட்சியின் கைக்குப் போய்விட்டது. ஆலைகள் மூடின, நாம் வந்தோம், குஜராத்திக்காரர்கள் வந்தார்கள், சீனர்கள் வந்தார்கள். அதற்கப்புறம் எவனுக்கும் தூக்கமில்லை. ஒரு தடவை சிவப்பு, மறு தடவை நீலம், அதுவும் மயிரிழையில். "மழை பெய்தால் மேட்டுப் பக்கம் வாறது குறையும்" என்று வானிலை அறிக்கைகூடப் பார்ப்பீர்கள்.

அப்படிப்பட்ட நீங்கள் ஒருநாள் நீங்களே நிற்கப்போவதாகச் சொன்னபோது நான் தேநீரைப் புடவையில் கொட்டிக்கொண்டேன். நம் தெரு வழியாக ஆஸ்பத்திரிக்குப் போன பேருந்தை நிறுத்தி இரண்டு தேர்தல் ஆகியிருந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் திரும்ப விடுவதாகச் சொன்னார்கள், ஜெயித்ததும் மறந்தார்கள். "சுயேச்சையா நிக்கிறன். வெல்லமாட்டன், எனக்குத் தெரியும். ஆனா பஸ்ஸைப்பற்றி ஒராளாவது கதைக்கோணும்" என்றீர்கள். ஆறு வாரம், முழங்கால் வலியோடு, நம் பள்ளிக்கூடத்தைச் சுற்றியிருந்த ஒவ்வொரு தெருவிலும் கதவு தட்டினீர்கள். பாதி வீட்டில் திறக்கவே இல்லை. திறந்தவர்களும் நீங்கள் ஏதோ நன்கொடை கேட்க வந்ததாக நினைத்துக் கையாட்டினார்கள். நானும் கூட வந்தேன். குடை பிடித்தேன், தண்ணீர்ப் போத்தல் தூக்கினேன். அதனால்தான் இப்போது சொல்லப்போவது இவ்வளவு கேவலமாக இருக்கிறது.

நான் உங்களுக்கு ஒன்று போடவில்லை, அக்கா.

இரண்டு போட்டேன். சிவப்புக் கட்சிக்காரருக்கு ஒன்று, உங்களுக்கு இரண்டு. பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடும் இந்த ஊர் ஓட்டு எப்படி எண்ணப்படும் என்று எனக்கு எத்தனை தடவை விளக்கியிருப்பீர்கள். ஹோம்புஷ் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, "மசாலாத் தோசை கேக்கிறீர். முடிஞ்சுது எண்டு வையும். ரெண்டாவதா என்ன வேணும் எண்டு கேட்டு அதைத் தருவினம். பட்டினியாய் அனுப்பமாட்டினம். வோட்டும் அப்பிடித்தான். நீர் ஒண்டு போட்ட ஆள் குறைஞ்ச வோட்டோட விழுந்தால், அந்த வோட்டு முழுசா ரெண்டாவது ஆளிட்டப் போகும். வீணாப் போகாது, விளங்குதே?" என்றீர்கள். ஆமாக்கா, ஆமாக்கா என்று தலையாட்டினேன். நன்றாகவே விளங்கியது.

ஆனால் அந்த அட்டைத் தடுப்புக்குள் பென்சிலோடு தனியாக நின்றபோது என் அப்பாவின் குரல்தான் கேட்டது. "தோக்கப்போறவனுக்குப் போடுற ஓட்டு கெணத்துல போட்ட கல்லு" என்பார். சிவப்பும் நீலமும் இழுபறியில் இருந்த தேர்தல் அது. அக்கா எப்படியும் ஜெயிக்கப்போவதில்லை, நம் ஓட்டு வீணாகிவிடக் கூடாதே என்று சிவப்புக் கட்சிக்காரருக்கு ஒன்று போட்டேன். உங்களுக்கு ஒன்றும் அவருக்கு இரண்டும் போட்டிருந்தாலும், நீங்கள் வெளியேறியதும் என் ஓட்டு அப்படியே அவரிடம்தான் போயிருக்கும். எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஒரு பைசாச் செலவில்லாத மரியாதையை உங்களுக்குச் செய்ய எனக்கு வக்கில்லாமல் போய்விட்டது.

அடுத்த நாள் முடிவுகள் வந்தன. நம் பள்ளிக்கூடச் சாவடியில் உங்களுக்குப் பதினொரு ஓட்டு. மற்றச் சாவடிகளிலும் கொஞ்சம் விழுந்திருந்தது. "அது தமிழ்ப் பேரைக் கண்டு போட்டது, நான் அங்கயெல்லாம் போகேல்ல" என்று அதை ஒதுக்கிவிட்டீர்கள். நம் சாவடிதான் உங்களுக்கு முக்கியம். குசினிக் கதிரையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினீர்கள். நீங்கள், உங்கள் மகன், தர்சினி. தம்பி வீட்டில் நாலு பேர். நான், என் கணவர். எதிர்வீட்டு மால்டாக்காரத் தாத்தாவும் அவர் மனைவியும். மூலைவீட்டுத் தையல்கார அன்ரி. பன்னிரண்டு வந்தது. மறுபடி எண்ணினீர்கள். பன்னிரண்டேதான்.

"ஒராள் போடேல்ல" என்றீர்கள்.

நான் வெந்தயப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கண் தர்சினியிடம் போனது. அந்த நேரம் அவளுக்கும் உங்களுக்கும் பேச்சு அவ்வளவு சரியில்லை. "வீட்டுக்குள்ளயே ஒரு கோடாலிக்காம்பு" என்றீர்கள், பாதிச் சிரிப்பும் பாதிக் காரமுமாக. அவள் முகம் சிவந்து, "நான் போட்டனான் மாமி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் கோடாலிக்காம்பு என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளினேன். அப்புறம் சொன்னால் ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்பீர்களே என்று இன்னும் தள்ளினேன். நான் கோழை, அக்கா.

உங்களை வருத்தியது அந்த ஒரு ஓட்டு குறைந்தது இல்லை. அதை எனக்கு மட்டும் சொன்னீர்கள். தேர்தல் முடிந்து ஒரு வாரம் இருக்கும், ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தோம். "சொந்தமும் சிநேகிதமும் போட்டது வோட்டே? அது சாமத்திய வீட்டுச் சடங்குக்கு முறைக்காக வந்து போறது மாதிரி. அத்தனை கதவு தட்டினனான். என்னைத் தெரியாத ஒராள், நான் சொன்னதைக் கேட்டு, ஓம் இந்த மனுசி சொல்லுறது சரி எண்டு ஒண்டு போட்டிருந்தால் எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம். ஒராள் கூட இல்லை" என்றீர்கள். வெற்றிபெற்றவருக்குக்கூட வாழ்த்து அட்டை அனுப்பிய ஆள் நீங்கள். அன்றைக்கு ஸ்டேஷன் வரைக்கும் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னீர்கள். கடைசி மாதங்களில், மருந்து மயக்கத்தில்கூட ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒராள் கூட இல்லை, என்ன?" என்று கேட்டீர்கள். பேருந்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று தர்சினி நினைத்தாள். எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை அந்தக் கதவின் அடியில் அந்தத் தாளும் இருந்தது. பதினொன்றைச் சுற்றி வட்டம். பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் 12, ஒரு கேள்விக்குறி. இனியும் அந்தப் பெண்ணை அந்தக் கேள்விக்குறிக்குக் கீழே நிற்க வைப்பது பாவம் என்று பட்டது. உட்காரச் சொன்னேன். காபி கொடுத்தேன். "தர்சினி, அந்தப் பன்னிரண்டாவது ஆள் நான்தான். நான்தான் போடலை. உன் மேல பழி விழுந்தப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன். என்னை மன்னிச்சிரும்மா" என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அன்ரி, நானும் போடேல்ல."

எனக்குப் புரியவில்லை.

"அப்ப நாங்கள் மெல்பேணுக்குப் போறதா இருந்தது. கிரெய்கிபர்னில வீடும் பாத்து வச்சிருந்தம். மாமி விடேல்ல. எனக்குச் சரியான கோபம். வேற ஆருக்கோ போட்டிட்டு வந்திட்டன். பிறகு கேக்கேக்க பொய் சொன்னனான்" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கள்ளிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவள்தான் முதலில் நிமிர்ந்தாள். வங்கியில் வேலை பார்க்கிறவள் அல்லவா. "அன்ரி, வெயிட். பன்னிரண்டில ரெண்டு பேர் போடேல்ல. அப்ப பத்துத்தானே வரோணும். பதினொண்டு விழுந்திருக்கே" என்றாள்.

இருவரும் அந்தத் தாளுக்கு மேல் குனிந்தோம். பிறகு மறுபடி எண்ணினோம், நீங்கள் எண்ணியது போலவே, விரல் விட்டு. சாயங்காலம் என் கணவரையும் பிடித்து விசாரித்தேன். உங்களுக்கே ஒன்று போட்டதாகப் பிள்ளையார் மேல் சத்தியம் செய்தார். ஓட்டுச் சீட்டில் உங்கள் பெயர் நடுவில் இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து வரிசையாக எண் போடுகிறவர்களின் ஓட்டும் உங்களுக்கு விழுந்திருக்காது. மற்றவர்களில் இன்னும் யாராவது பொய் சொல்லியிருந்தால் ரொம்ப நல்லது, முகம் தெரியாதவர்களின் கணக்குக் கூடும்.

ஒராள் இருந்தார், அக்கா. குறைந்தது ஒருவர். உங்களைத் தெரியாத ஒருவர், உங்கள் முழங்காலையோ குசினியையோ தெரியாதவர், நீங்கள் சொன்னதைக் கேட்டு, இந்தப் பெண் சொல்வது சரி என்று பென்சிலை எடுத்து உங்களுக்கு ஒன்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நானும் தர்சினியும் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த மேசையிலேயே, அந்த நிமிடமே உங்களுக்கு அது தெரிந்திருக்கும். எங்களைத் திட்டியிருப்பீர்கள், அரை மணி நேரம் பேசாமல் இருந்திருப்பீர்கள். அப்புறம் எழுந்துபோய், அந்த ஒருவரைப் பற்றித் தெருவெல்லாம் சொல்லியிருப்பீர்கள். நான் உங்களுக்குக் கொடுக்காத ஓட்டைவிட, என் மௌனத்தால் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட அந்த முகம் தெரியாதவரின் ஓட்டை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

காலையில் நடக்கப் போகும்போது இப்போதெல்லாம் எதிரே வருகிற எல்லோருக்கும் நானே முதலில் வணக்கம் சொல்கிறேன். நாயோடு வருகிற கிழவருக்கு, பிள்ளை வண்டி தள்ளுகிற பெண்ணுக்கு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு என்னைப் பார்க்காமலே ஓடுகிற இளைஞனுக்குக்கூட. கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். உங்களுக்கு ஒன்று போட்டவர் அவர்களில் யார் என்று எனக்குத் தெரியாது, அதனால் ஒருவரையும் விட முடியவில்லை.