விரிப்புகள் மிதந்த காலை

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுதான் என் வழக்கம். இந்தத் தடவை நலமாகிக்கொண்டு வருகிறோம் என்று எழுதுகிறேன், அதுதான் உண்மை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் எடுத்ததும் நீ "எல்லாரும் ஓகேயாப்பா?" என்பாய், நானும் "ஓகேம்மா" என்பேன், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் தங்கையிடம் கேட்டு, அவள் சரி என்று தலையாட்டிய பிறகுதான் எழுதுகிறேன்.

நான் ஓட்டுகிற சலவை நிலையத்து வேன் மழையில் வழுக்கி ஏரிக்குள் இறங்கியது உனக்குத் தெரியும். பள்ளியில் இறக்கிவிடச் சின்னவளையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். ஜன்னல் வழியாக அவளை வெளியே தள்ளி, பின்னாலேயே நானும் வந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் இருவரும் வீடு சேர்ந்தோம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் மறுபிறவி என்றார்கள். அதன் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. சின்னவள் எந்த வண்டியிலும் ஏறவில்லை. பள்ளிக்கு அத்தனை தூரமும் நடந்தாள். வகுப்பில் கூப்பிட்டால் திரும்புவாளாம், ஆனால் ரொம்பத் தொலைவிலிருந்து திரும்புவது போல இருக்குமாம். அவளுடைய டீச்சர்தான் வீட்டுக்கு வந்து, இப்படிப்பட்ட அதிர்ச்சிக்கு ஆலோசனை தருகிற இடம் ஒன்று இருக்கிறது, சின்னவர்கள் பெரியவர்கள் எல்லோரும் வருகிறார்கள் என்றார். உன் அம்மாவுக்கு வந்ததே கோபம். "எம் பொண்ணுக்கு என்ன பைத்தியமா? நாலு நாள் வயிறார சாப்பிட்டுத் தூங்குனா எல்லாம் தெளிஞ்சிடும்" என்றாள். சின்னவள் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. கடைசியில் அம்மாவே என்னைப் பார்த்து, "கூட்டிட்டுத்தான் போங்களேன்" என்றாள்.

கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் அந்த இடம். வண்டியில் ஏறமாட்டாள் என்பதால் மதிய வெயிலில் நடந்தே போவோம். அந்த நேரத்தில் தெருவே பாதித் தூக்கத்தில் இருக்கும். கடைக்காரர்கள் கல்லாவில் சாய்ந்திருப்பார்கள், எங்கள் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும், இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் மிதந்துகொண்டே போவது போல இருக்கும். அங்கே ஆலோசனை தருகிற பெண்ணுக்குச் சின்னவள் வைத்த பெயர் 'மெதுவா அக்கா'. எதற்கெடுத்தாலும் "மெதுவா, அவசரமே இல்ல" என்பாராம். என்ன நடந்தது என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லையாம். எங்கே உட்கார வேண்டும், கதவைச் சாத்தலாமா வேண்டாமா, இன்று பேசலாமா சும்மா இருக்கலாமா, இப்படித்தான் கேட்பாராம். உன் அம்மா இதைக் கேட்டுவிட்டு, சும்மா இருக்கிறதுக்கு மாடி ஏறணுமா என்றாள்.

நான் வெளியே நடையில் காத்திருப்பேன். அங்கே ஒரு ஜன்னலில் வெள்ளைத் திரை. மின்விசிறிக் காற்றில் அது உப்பி எழும்பும், அமுங்கும். அது எழும்பும்போதெல்லாம் நான் எழுந்து வேறு நாற்காலிக்குப் போயிருக்கிறேன், எனக்கே அது தெரியாது. மெதுவா அக்காதான் கவனித்திருக்கிறார். ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்று, "உங்களுக்கும் ஒரு நேரம் ஒதுக்கட்டுமா? வேணாம்னாலும் ஒண்ணுமில்ல" என்றார். எனக்கென்னம்மா, நான்தான் மறுநாளே வேறு வேன் ஓட்டப் போய்விட்டேனே என்றேன். சொல்லும்போதே திரை எழும்பியது, நான் எழுந்துவிட்டிருந்தேன். வீட்டில் உன் அம்மா போர்வை உதறினால் நான் வாசலுக்குப் போய்விடுவதும், ஏரிச்சாலையை விட்டு ஊரைச் சுற்றிப் போவதும் அப்போதுதான் எனக்கே உறைத்தது. சரி என்றேன்.

முதல் இரண்டு தடவை எதை எதையோ பேசினேன், என்ஜின் ஆயில் பற்றிக்கூட. அவரும் கேட்டுக்கொண்டார். அடுத்த தடவை அதுவாகவே வாய்க்கு வந்துவிட்டது. அம்மாடி, அதுவரை யாரிடமும் சொல்லாததை உனக்கும் எழுதுகிறேன். வேன் அமிழ்ந்ததும் பின்னால் அடுக்கியிருந்த துவைத்த படுக்கை விரிப்புகள் எல்லாம் அவிழ்ந்து முன்னால் வந்தன. மேலேயிருந்து பச்சை வெளிச்சம். அதில் வெள்ளை விரிப்புகள் ஒவ்வொன்றாக விரிந்து, மடங்கி, மறுபடி விரிந்தன. சத்தமே இல்லை. அத்தனை அழகு. ஒரு கணம் எனக்கு எந்த அவசரமும் இல்லை, அப்படியே இருந்துவிடலாம் போல இருந்தது. பக்கத்தில் பெற்ற பிள்ளை இருக்கிறாள், எனக்கு அழகு கேட்கிறதா! நான் என்ன மனுஷன் என்று அன்றிலிருந்து என்னையே அரித்துத் தின்றுகொண்டிருந்தேன். மெதுவா அக்கா நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு, "தப்பிக்க வழி தெரியாதப்ப சில பேருக்கு உடம்பே இப்படி அமைதியாகிடும். நீங்க ஆசைப்பட்டு இருந்துடலைங்க. உங்களுக்கு வலிக்காம உடம்பு பார்த்துக்கிட்டது, அவ்வளவுதான். அடுத்த நொடி உங்க கை எங்க போச்சு?" என்று கேட்டார். ஜன்னலுக்கு என்றேன். சொல்லிவிட்டு, துடைக்கக்கூடத் தோன்றாமல் அழுதேன்.

சின்னவள் உள்ளே என்ன பேசுகிறாள் என்று எனக்குச் சொல்லமாட்டார், நான் பேசுவதையும் அவளிடம் சொல்லமாட்டார். ஆனால் ஒரு நாள் இருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்டுவிட்டுச் சேர்த்து உட்கார வைத்தார். சின்னவள் வெகுநேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி, "அப்பா, திட்டாத. தண்ணிக்குள்ள ரொம்ப அழகா இருந்துச்சு. அத நினைச்சாத்தான் எனக்குப் பயமே. மறுபடி வண்டியில ஏறினா அங்கயே போயிடுவேனோன்னு இருக்கு" என்றாள். அவள் கையைப் பிடித்தேன். "எனக்கும்டா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமாவா? நான் மட்டும்தான் லூசுன்னு நினைச்சேன்" என்று சிரிப்பும் அழுகையுமாக என் தோளில் சாய்ந்தாள். அப்புறம் வெளிச்சம் பச்சையா நீலமா என்று இருவருக்கும் சண்டை. அவள் நீலம் என்கிறாள். இன்னும் தீர்ந்தபாடில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னோம். "அப்பனும் மகளும் உள்ள வேடிக்கை பார்த்துட்டு வந்திருக்கீங்க, நான் இங்க உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்று இரைந்தவள், அப்படியே உட்கார்ந்து தேம்பிவிட்டாள். அன்று செய்தி கேட்டு ஏரிக்கரையில் எங்களைத் தேடி ஓடியது அவள்தானே. அவளை யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மாடியில எனக்கும் ஒரு நாற்காலி போடுவாங்களா?" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து போகிறாள். என்ன பேசினாய் என்று கேட்டால், உங்களுக்கு எதுக்கு என்கிறாள்.

எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. சின்னவள் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள், நானும் ஏரிச்சாலைப் பக்கம் இன்னும் போகவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அவளாகவே வந்து, "அப்பா, வேன எடு, ஒரு தெரு மட்டும் போலாம்" என்றாள். முன் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலை முழுசாக இறக்கி, கையை வெளியே வைத்துக்கொண்டாள். ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினேன். பின்னால் வந்தவன் ஒலியெழுப்பித் திட்டிவிட்டுப் போனான், போகட்டும். முனை திரும்புவதற்குள், "போதும்பா, நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். அந்த இடத்திலேயே, நடுத்தெருவில். அவள் ஜன்னலுக்கு வெளியே தரையை எட்டிப் பார்த்தாள். பிறகு, "நிறுத்துன்னா நின்னுடுச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேனை ஓரங்கட்டிவிட்டு, வீட்டுக்கு நடந்தே வந்தோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நீண்ட காலம் வாழ வேண்டும். தங்கையிடம் பேசும்போது சரியாயிடுச்சா என்று கேட்காதே, இன்னிக்கு நடக்கும்போது என்னென்ன பார்த்தே என்று கேள், நிறையச் சொல்வாள். உனக்கும் அங்கே பாரம் ஏதும் இருந்தால் அப்பாவுக்கு எழுது. நான் அவசரப்படமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா