உங்கள் கூந்தல்

வாத்தியாரே,

இன்று காலை சவுரியைச் சீயக்காய் போட்டு அலசிக் கொடியில் காயப்போட்டேன். ஈரமுடியின் வாசனை வந்ததும், தகரக் கொட்டகைக்குப் பின்னால் நீங்கள் தலை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. பக்கத்து வீட்டு மங்கா எட்டிப் பார்த்து, "யாரு முடிங்க இது, இம்மாம் நீளம்?" என்று கேட்டாள். நான் சவுரியின் நுனியைப் பிழிந்துகொண்டே நின்றேன்.

அப்போது யுத்த காலம். நம் நாடகக் கம்பெனி திருத்தணியில் முகாம் போட்டிருந்தது. பத்து வருஷமாக ராணி வேஷம் உங்களுடையது. அதற்காகவே முழங்கால் வரை முடி வளர்த்திருந்தீர்கள். இனிமேல் பெண் வேஷத்துக்குப் பெண்தான் என்று முதலாளி முடிவு செய்து, அரக்கோணத்திலிருந்து என்னை அழைத்துவந்தார். எனக்கு நடிப்புச் சொல்லித்தரும் வேலையையும் உங்கள் தலையிலேயே கட்டினார். என்ன அநியாயம்! நீங்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லித்தருவீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். அந்தப் புத்தியை இன்றைக்கும் திட்டிக்கொள்கிறேன்.

"பொம்பளையா பொறந்துட்டா ஆச்சா? நடக்கத் தெரிய வாணாமா?" என்பீர்கள். புடவையைச் சுற்றிக்கொண்டு நீங்கள் நாலடி நடந்து காட்டினால் எனக்கே வெட்கமாகப் போய்விடும்.

மகனைப் பறிகொடுத்த ராணி கூந்தலை அவிழ்த்துப் போட்டு அழும் இடம்தான் நாடகத்தின் உயிர். எனக்கோ விஷக்காய்ச்சலில் முடி கொட்டி, தோள் வரைதான் மிச்சம். கம்பெனிச் சவுரி செம்பட்டை அடித்து நாராகக் கிடந்தது. ஒத்திகையில் அதைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை. முதல் நாடகத்தில் ஜனங்களும் சிரித்தால் அடுத்த ரயிலில் ஊருக்குப் போகவேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் போனால் வேஷம் மறுபடி உங்களுக்குத்தான். அது கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும்.

நாடகத்தன்று காலையில் மலைக்குப் போனீர்கள். இறங்கி வந்தபோது மொட்டைத் தலையில் சந்தனம். ஒரு மஞ்சள் துணி மூட்டையை என் மடியில் வைத்தீர்கள்.

"நீளத்தை அறுத்து எடுத்துக்கினு வந்துட்டேன். அடிமுடி சாமிக்கு. இது உனுக்கு."

நூல் சுற்றி நீங்களே சவுரி கட்டினீர்கள். நான் கேட்டதெல்லாம் நடுவில் கழன்று விழுந்துவிடாதல்லவா என்பதுதான். சே!

அன்று மேடையில் நான் கூந்தலை அவிழ்த்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் அழுதார்கள். நீங்கள் ஓரத்துப் படுதா மறைவில் நின்றிருந்தீர்கள். நான் கொண்டையில் கை வைத்த அதே நேரத்தில் உங்கள் கையும் பிடரிக்குப் போயிற்று. வெறும் தலையைத் தடவிவிட்டுக் கையை இறக்கிக்கொண்டீர்கள். அதை நான் பார்த்துவிட்டேன் என்று உங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அப்புறம் நீங்கள் மேடை ஏறவேயில்லை. என்னைப் போல எத்தனையோ பேருக்கு நடை சொல்லிக்கொடுத்தீர்கள். நீங்கள் போன சேதி கார்டில் வந்தபோது நான் எங்கோ தூரத்து முகாமில் இருந்தேன். முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. உங்கள் மேல் எனக்கு ஆசை இருந்தது, வாத்தியாரே. ராணியின் வசனமெல்லாம் வாயில் நின்றது, இந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை.

என் தலை பஞ்சாக நரைத்துவிட்டது. உங்கள் முடி இன்னும் கறுகறுவென்று இருக்கிறது.

மங்கா பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள். "எங்க வூட்டுக்காரருது" என்றேன்.

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "வெயில்ல கெடந்தா செம்பட்டையாப் பூடுங்க" என்று சொல்லி, சவுரியை மெதுவாக எடுத்து நிழலில் போட்டுவிட்டுப் போனாள்.