முப்பத்தெட்டாம் டவர் ஏன் திரும்பியது

மார்ச் 3, செவ்வாய்

மோகனூர்ப் பக்கம் ஆறு டவருக்கு அஸ்திவாரக் குழி பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றில் தண்ணீர் ஊறுகிறது. நாளை பம்பு வைத்து இறைக்க வேண்டும். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

மதியம் சாப்பாட்டைத் திறக்கும்போது என் கணவர் கவின் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். 'நம்ம ஆத்தோரம்' என்று ஒரு முகநூல் பக்கம். பரமத்தி வேலூர்க்காரர்கள் வெற்றிலை விலையும் காணாமல் போன மாட்டையும் போடுகிற இடம். இன்று என் படத்தைப் போட்டிருக்கிறார்கள். மேலே இப்படி:

"இந்த இஞ்சினியர் அம்மாவைத் தெரியுமா? நேரா வர்ற கரண்ட் லைன் 38-வது டவர்ல மட்டும் ஏன் திரும்புது? அங்க யாரோட தோப்பு இருக்குது?"

என் அப்பாவின் தோப்பு. அதைச் சொல்ல மட்டும் என்ன கூச்சம்? கீழே நூற்றுப் பன்னிரண்டு பேர் அப்பா பெயரோடு எழுதிவிட்டார்களே.

மார்ச் 4, புதன்

படிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டு படித்தேன். சிபாரிசில் வேலைக்கு வந்தவள். லைன் போகிற ஊரிலெல்லாம் முன்கூட்டியே நிலம் வாங்கிப் போட்டவள். 'பொம்பளைக்கு எதுக்குங்க டவர் வேலை' என்று ஒருவன். அவனுக்கு இருபத்தேழு விருப்பக்குறி.

பதினொரு வருஷம். வேலிக்காத்தான் முள்ளில் கிழிந்த காலோடு, அளவுக்கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு, கரடு மேடெல்லாம் நடந்திருக்கிறேன். ஒதுங்க ஒரு மறைவு கிடைக்காது என்பதால் காலையில் தண்ணீர் குடிக்காமலே வேலைக்குப் போவேன். சிபாரிசாம்!

இவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. போன மே மாதம் பாதை எங்கள் ஊர்ப்பக்கம் வரப்போகிறது என்று தெரிந்ததுமே நான் மேலாளர் அறிவழகனுக்கு எழுதிக் கொடுத்தேன். இன்ன சர்வே எண்ணில் இருப்பது என் தந்தையின் நிலம், ஆகவே அந்த மூன்று கிலோமீட்டரை நான் அளப்பது சரியல்ல, வேறொருவரிடம் கொடுங்கள் என்று. கொடுத்தார்கள். அந்தப் பகுதி வரைபடத்தை இன்றுவரை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை.

எவன் எழுதிக் கொடுப்பான் இப்படி? அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்தனாவது?

மார்ச் 5, வியாழன்

பதில் போட்டேன். கவின் வேண்டாம் என்றார். கேட்கவில்லை.

என் கடிதத்தைப் படம் பிடித்து இணைத்தேன். கீழே எழுதினேன்: "அந்தப் பகுதியை அளந்தது நானல்ல. அந்தத் திருப்பம் தொழில்நுட்பக் காரணத்துக்காக அமைந்தது. தெரியாமல் பேசாதீர்கள்."

போனைக் கவிழ்த்து வைத்தேன். பயத்தில் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

நாற்பது பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

ஊருக்குப் போனேன். அப்பா வீட்டுக்கு முன்னால் பக்கத்துத் தோட்டக்காரர் சென்னிமலை மாமாவின் தோப்பு வரும். அவர் தடத்தோரம் நின்றிருந்தார். வண்டியை நிறுத்தாமல் போனால் ஓடி ஒளிகிற மாதிரி இருக்கும். நிறுத்தினேன்.

அவர் மரங்களில் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. வெட்டுவதற்கு அடையாளம். முப்பத்தோரு மரம் என்றார். எல்லாம் காய்ப்பில் இருப்பவை.

"ஏனம்மிணி, உங்கப்பனும் நானும் ஒரே வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சறவங்க. அந்தப் போன்ல எழுதறவனுங்களை நானு ஏவி விடலை. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. லைனு ஏன் இங்க திரும்பி வருது?"

தொழில்நுட்பக் காரணம் மாமா என்றேன்.

"அதுதான், அதென்ன காரணம்?"

பார்த்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். "அவனுங்க கெடக்கறானுங்க உடு" என்றதோடு சரி. எனக்காகக் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

மார்ச் 9, திங்கள்

கோப்பைத் திறந்தேன்.

முதல் வரைபடத்தில் பாதை நேராகத்தான் போகிறது. அப்பா தோப்பின் தென்கோடியை வெட்டிக்கொண்டு. இருபத்து மூன்று மரம். நடுவில் வீடு இல்லை, கிணறு இல்லை, பாறை இல்லை. திரும்புவதற்கு ஒரு காரணமும் இல்லை.

திருத்திய வரைபடத்தில் 38-இல் ஒடிந்து, சென்னிமலை மாமா தோப்புக்குள் புகுந்து, 40-இல் பழைய கோட்டுக்குத் திரும்புகிறது. காரணம் என்ற கட்டத்தில் இரண்டே சொல்: கள நிலவரப்படி.

என் கடிதத்தின் தேதி மே 19. திருத்தம் மே 28.

ஒன்பது நாள்.

மார்ச் 10, செவ்வாய்

அறிவழகன் சார் ஆத்தூர்க்காரர். சத்தம் போடாமல் பேசுவார். கதவைச் சாத்திவிட்டு வரைபடத்தை மேஜையில் விரித்தேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இது ஒரு விஷயமா மேடம்? உங்கப்பா வாழைத்தாரு ஒண்ணத் தூக்கிக்கிட்டு ஆபீஸுக்கு வந்தாரு. வயசான மனுஷன். நம்ம ஆளோட அப்பா. எவ்ளோ நேரம் நிக்க வைக்க முடியும்?"

யாருடைய நிலம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நீங்கதான லெட்டர்ல சர்வே நம்பரோட எழுதியிருந்தீங்க."

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன்.

நான் யோக்கியம்னு காட்டறதுக்கு எழுதின லெட்டரு. அதையே படம் புடிச்சு ஊருக்கே போட்டேன். அத வெச்சுத்தான் அறிவழகன் சாரு லைனத் திருப்பியிருக்காரு. அந்த நூத்திப் பன்னெண்டு பேரும் சொன்னது நெசம். என்னப் பத்திச் சொன்னது பூராப் பொய், ஆனா லைனப் பத்திச் சொன்னது நெசம். இப்ப நான் யாரைத் திட்டறது?

மார்ச் 11, புதன்

மதியமே விடுப்புப் போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். அப்பா மோட்டார் அறைப் பக்கம் இருந்தார்.

"ஏனுங்கப்பா, அறிவழகன் சாரைப் பார்த்தீங்களா?"

பார்த்தேன் என்றார். பொய் சொல்லவில்லை. அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நீ கேக்க மாட்டீன்னு தெரியும் சாமி. அதுதான் நானே போனேன். உன்ற பேரைச் சொல்லி ஒண்ணும் கேக்கலை. சௌந்தர்யாவோட அப்பன்னு மட்டுந்தான் சொன்னேன்."

அவ்வளவுதானாம்.

சென்னிமலை மாமாவின் முப்பத்தோரு மரம் என்ன ஆவது என்று கேட்டேன். லைன் எங்காவது போய்த்தானே ஆகவேண்டும் என்றார். பிறகு நான் பேசியது எதையும் இங்கே எழுத மனசில்லை. பெற்றவரைப் பேசக் கூடாத பேச்சு. அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டார். அந்த இரைச்சலில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

கவின் சொல்வது: விட்டுவிடு. நீ செய்ததல்ல. கடிதம் உன்னிடம் இருக்கிறது. இன்னும் பத்து நாளில் அந்த முகநூல் பக்கம் வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளும்.

எல்லாம் சரிதான். ஆனால் சென்னிமலை மாமா கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லையே. மரம் வெட்ட அடுத்த வாரம் ஆள் வருகிறார்கள்.

மார்ச் 16, திங்கள்

தலைமை அலுவலகத்துக்கு இரண்டு வரைபடங்களையும் அனுப்பிவிட்டேன். திருத்தத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை, முதல் பாதையையே வைக்க வேண்டும், அதுவரை மரம் வெட்டுவதை நிறுத்த வேண்டும் என்று. அப்பா வந்து கேட்டதையும் எழுதினேன். அந்த வரியை மூன்று முறை அடித்து மூன்று முறையும் திரும்ப எழுதினேன்.

பிறகு அதே முகநூல் பக்கத்தில், என் பழைய பதிலுக்குக் கீழே: "தொழில்நுட்பக் காரணம் என்று நான் எழுதியது தவறு. பார்க்காமல் எழுதினேன். என் தந்தை கேட்டுக்கொண்டதால் பாதை மாற்றப்பட்டிருக்கிறது. அது எனக்குத் தெரியாது. பழையபடி மாற்றக் கோரியிருக்கிறேன். என்னைப் பற்றி எழுதிய மற்றவை பொய்."

மார்ச் 17, செவ்வாய்

'மாட்டினதும் நல்லவ வேஷம்.' 'பெத்த அப்பனையே காட்டிக் குடுத்தவ.' இரண்டும் ஒரே ஆள் எழுதியது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

நேற்றுவரை அப்பனுக்குச் சலுகை காட்டினாள் என்று திட்டினாயே, இன்று அப்பனைக் காட்டிக் கொடுத்தாள் என்கிறாயே — எதைத்தான் செய்யச் சொல்கிறாய்? அடித்து வைத்தேன், அனுப்பவில்லை. முகநூலையே போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

சென்னிமலை மாமா நாமக்கல் அலுவலகத்துக்கே வந்தார். மரம் வெட்டுவது நின்றிருக்கிறது. டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு வைத்தார்.

"நானு உனக்கு நன்றி சொல்ல வரலை அம்மிணி. முன்னாடியே கோப்பைத் தொறந்து பாத்திருந்தீன்னா ஊருக்கே தெரியாம முடிஞ்சிருக்கும், உங்கப்பன் மொகத்துல நான் முழிக்க முடியாமப் போயிருக்காது."

கோபம் வந்தது. இந்த மூன்று வாரத்தில் எல்லோர் மேலும் வந்த அதே கோபம். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னதில் எந்த வார்த்தையைப் பொய் என்பேன்? பார்க்காமல் இருப்பதுதான் நேர்மை என்று பத்து மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தேகம் வந்த நாளில் கோப்பைத் திறக்காமல் போனைத் திறந்தவள் நான்தான்.

சரிங்க மாமா என்றேன். பேருந்து நிலையம்வரை கொண்டுபோய் விட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

எனக்கும் அறிவழகன் சாருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே கடிதம், பெயர் மட்டும் வேறு! என்னை வாழப்பாடி வேலைக்கு மாற்றிவிட்டார்கள். தினமும் பேருந்தில் போகவர ஐந்து மணி நேரம்.

அப்பா போனை எடுப்பதில்லை. அம்மா எடுத்து, தோப்பில் இருக்கிறார் என்கிறார். எப்போது கூப்பிட்டாலும் தோப்பில்தான்.

மே 20, புதன்

உத்தரவு வந்துவிட்டது. முதல் பாதையேதான். இருபத்து மூன்று மரம்.

அம்மாவிடம் சொன்னேன். "தெரியும் சாமி. நேத்தே வந்து சொல்லிப்போட்டாங்க" என்றார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

ஜூன் 5, வெள்ளி

மரம் வெட்டிவிட்டார்களாம். இரண்டு நாள் வேலை. வாழப்பாடியில் இன்று நாற்பத்தொரு டிகிரி. ஆட்களிடம் காரணமில்லாமல் கத்தினேன். பிறகு மோர் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 11, வியாழன்

சாயங்காலம் பேருந்தில் வரும்போது போன் அடித்தது. அப்பாவின் எண். அம்மாவாக இருக்கும் என்று எடுத்தேன். அப்பா.

நலமா என்றெல்லாம் கேட்கவில்லை. லைனுக்குக் கீழே என்ன வைக்கலாம் என்று கேட்டார். கரும்பு வேண்டாம், அதன் காய்ந்த சோகை தீப்பிடித்தால் ஆபத்து என்றேன். மஞ்சள், கடலை, ஆளுயரத்துக்கு மேல் போகாத எதுவும் வைக்கலாம். டவர் காலைச் சுற்றி மட்டும் ஆழமாக உழக் கூடாது. எத்தனை அடி தள்ளி என்றார். சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார். எழுதிக்கொள்கிறார் போல.

பிறகு, விதை மஞ்சள் பார்க்க ராசிபுரம் போகவேண்டும், ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவுதானே, வண்டியை எடுத்துக்கொண்டு வா என்றார்.

வாரேனுங்கப்பா என்றேன்.