பன்னிரண்டேகால் வரை

சிவமயம்

தெல்லிப்பழை,
13.10.2025

அன்புள்ள தம்பி பார்த்தீபனுக்கு,

இங்கே நானும் வீட்டாரும் சுகம். அங்கே வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீரும் சுகமாக இருக்க அம்மாளாச்சி துணை நிற்கட்டும். முதல் மழை விழுந்துவிட்டது. உம்முடைய வீட்டுக் குசினிப் பக்கம் ஒழுகின இடத்துக்கு ஆளைப் பிடித்து ஓடு மாற்றிவிட்டேன், அதை யோசிக்க வேண்டாம். உம்முடைய மனிசி கோபிகா தையலை விடவில்லை. நீர் என்னிடம் ஓட்டின வான் இன்னும் ஓடுகிறது, ஆனால் புது றைவர் கியரோடு சண்டை பிடிக்கிறான். தம்புள்ளைக்குப் போய் வந்தால் வானும் அவனும் சேர்ந்து முனகுகிறார்கள்.

புதன்கிழமை எங்கடை ஊர்ப் பெடியன் ஜெறோம் அங்கே கட்டாருக்கு வருகிறான். மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் இந்தக் கடிதமும் அவனிடம் தந்து விடுகிறேன். ஒவ்வொரு கிழமையும் போனில் கதைக்கிற மனிசனுக்குக் கடிதம் ஏன் என்று கேட்பீர். போனில் கதைத்தால் நான் உம்மை வென்றுவிடுவேன். முப்பது வருசம் வெங்காயம் வாங்கி விற்றவன், எந்தக் கதையையும் என் பக்கம் திருப்ப எனக்குத் தெரியும். இந்தக் கதையைத் திருப்பக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

உம்முடைய மகள் நிவேதனாவுக்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினையன்று காய்ச்சல் என்று உமக்குச் சொன்னவன் நான். காய்ச்சல் இல்லை. பிள்ளை நல்ல சுகமாக இருந்தாள். அவளைச் சோதினைக்குப் போகவிடாமல் வைத்திருந்தது நான்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோபிகாவிலே கோபப்படாதேயும். அவள் சோதினைக்கு முதல் நாள் பின்னேரம் என்னோடு அரை மணித்தியாலம் மறுத்துக் கதைத்தாள். என்னை மறுத்து அரை மணித்தியாலம் நின்றவர்கள் சந்தையிலேயே குறைவு.

நடந்தது இதுதான். எங்கடை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டு போவது உமக்குத் தெரியும். இந்த வருசம் முதலாம் வகுப்புக்கு வந்தது ஐந்து பேர். கொஞ்ச வசதி வந்தவுடனே சனம் பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக்கு வானில் ஏற்றிவிடுகிறது. இப்படியே போனால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஆடி மாதம் கூட்டத்தில் ஒரு கதை வந்தது. பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்துக்குச் செயலாளர் நான். சரக்கை விற்கத் தெரிந்தவன் என்று என்னைப் பார்த்தார்கள். நானும் அப்படியே யோசித்தேன்.

ஐந்தாம் வகுப்பில் இருபது பிள்ளைகள். எழுதிய எல்லோரும் எழுபது புள்ளிக்கு மேல் என்று ஒரு பதாகை சந்தியில் தொங்கினால் சனம் திரும்பிப் பார்க்கும். அதற்கு, எழுபது எடுக்காத பிள்ளை எழுதக் கூடாது. எழுதாத பிள்ளையைக் கணக்கில் எடுப்பதில்லை. யோசனை என்னுடையது. அதிபர் மேசையைப் பார்த்தபடி ஒன்பது பேரின் பட்டியலைத் தந்தார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் குறிப்பு இருந்தது. ஒருத்தனுக்கு வாசிப்பு இல்லை, ஒருத்திக்குக் கழித்தல் வராது. நிவேதனாவுக்கு: மெல்லக் கற்பவள், மணிக்கூடு பார்க்கத் தெரியாது.

அது தை மாதத்தில் எழுதின பட்டியல். நான் பார்த்தது ஆவணியில். தையில் பார்த்த வெங்காயத்தை நம்பி ஆவணியில் விலை பேசுவேனா? தோட்டத்துக்குப் போய், கையால் நசுக்கிப் பார்த்துத்தான் வாயைத் திறப்பேன். பிள்ளைகள் விசயத்தில் கடதாசியைப் பார்த்தது காணும் என்று இருந்துவிட்டேன். அந்த ஏழு மாதமும் அவர்களைப் படிப்பித்த நிரோஜினி ரீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டா என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

அந்த ரீச்சரைப் பற்றி நான் உமக்குப் பகிடியாகச் சொன்னது நினைவிருக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என்ரை வெங்காயக் கொட்டிலுக்கு வந்து, தராசில் நிறுத்து நிறுத்து எழுதவிட்டா. கரும்பலகையைப் பார்த்து எழுதுகிற வேலையைக் குறைத்துவிட்டு, விடை எப்படி வந்தது என்று ஒவ்வொரு பிள்ளையையும் வாயால் சொல்ல வைப்பாவாம். படிப்பிக்கச் சம்பளம் எடுத்துக்கொண்டு சந்தை சுற்றுகிறா என்று நான் நாலு பேருக்கு முன்னால் சிரித்தேன். அவவின் காதிலும் விழுந்திருக்கும்.

சோதினை ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமையே அவ இருபது பிள்ளைகளுக்கும் சோதினைச் சுட்டெண் அட்டை கொடுத்துவிட்டா. சனிக்கிழமை நான் ஒன்பது வீடு ஏறினேன். சோதினை கட்டாயமில்லை என்றேன், அது உண்மை. குறையப் புள்ளி வந்தால் பிள்ளை மனம் உடைந்துபோகும் என்றேன். அதையும் உண்மை மாதிரியே சொன்னேன். சும்மா வீட்டில் நிற்க வேண்டாம், எங்கடை வானில் காங்கேசன்துறைக்குக் கூட்டிப்போய் இந்தியாவுக்குப் போகிற கப்பல் காட்டுகிறேன் என்றேன். ரீச்சர் எடுத்தால் என்ன சொல்வது என்று தாய்மார் கேட்டார்கள். மத்தியானம் வரை போனை நிற்பாட்டி வையுங்கள் என்று அதற்கும் வழி சொல்லிக்கொடுத்தேன்.

கோபிகா மட்டும், பிள்ளையின்ரை அப்பாவைக் கேட்க வேணும் என்று நின்றாள். அவனோடு நான் கதைச்சிட்டன், அவனுக்குச் சம்மதம் என்றேன். தம்பி, அதற்கு நாலு நாள் முதல் நீர் என்னோடு கதைத்தீர். நீர் சொன்னது சொல்லுக்குச் சொல் எனக்குள்ளே கிடக்கிறது. "அண்ணை, வெட்டுப்புள்ளி ஒண்டும் வேண்டாம். மற்றப் பிள்ளையளோடை போய் இருந்து எழுதினால் காணும்." ஓம், ஓம், நான் பார்த்துக்கொள்ளுறன் என்று சொன்ன அதே வாயால்தான் கோபிகாவுக்கு இதையும் சொன்னேன்.

ஞாயிறு காலமை எட்டுப் பிள்ளைகள் கலர் உடுப்போடு வானில் ஏறினார்கள். நிவேதனா பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையோடு வந்தாள். நெஞ்சில் சுட்டெண் அட்டை குத்தியிருந்தது. கையில் பென்சில் பெட்டி. நீர் அனுப்பின மணிக்கூடும் கட்டியிருந்தாள். ஏன் பிள்ளை இந்தக் கோலம் என்று கேட்டேன். "கப்பல் பார்த்திட்டு அதாலை போகலாம் எண்டு நினைச்சன் கடை மாமா" என்றாள். உங்களுக்குச் சோதினை இல்லை, சுற்றுலாதான் என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். அவள் அழவில்லை. ஏறி யன்னல் கரையில் இருந்தாள்.

கப்பல் அன்று பிந்திவிட்டது. கம்பி வேலிக்கு வெளியே நின்று தண்ணீரைத்தான் பார்த்தோம். எல்லோருக்கும் ஐஸ்கிறீம் வாங்கினேன். மற்றவர்கள் ஓடி விளையாடினார்கள். இவள் வானுக்குப் பக்கத்தில் நின்று அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்தாள். புது மணிக்கூடு, பெருமை என்று நினைத்தேன். ஒன்பதரைக்குப் பார்த்தாள். பத்தே முக்காலுக்குப் பார்த்தாள். பதினொன்றேகாலுக்கும் பார்த்தாள். பன்னிரண்டேகாலுக்கு ஊசியைத் தானே கழற்றி, அட்டையை இரண்டாக மடித்துப் பென்சில் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு மணிக்கூட்டையும் கழற்றி அதற்குள்ளேயே வைத்து மூடினாள். அந்த நேரமாவது எனக்கு ஏதாவது விளங்கியிருக்க வேணும். பசிக்குதோ என்று கேட்டேன்.

மறுநாள் நிரோஜினி ரீச்சர் கடைக்கு வந்தா. சோதினை நிலையத்து வாசலில் மணி அடிக்கும் வரை நின்று ஒன்பது வீட்டுக்கும் போன் எடுத்தாவாம். சத்தம் போடவில்லை. முதல் வினாப்பத்திரம் ஒன்பதரைக்குத் தொடங்கிப் பத்தே முக்காலுக்கு முடியும், மற்றது பதினொன்றேகாலில் இருந்து பன்னிரண்டேகால் வரை என்று பிள்ளைகளுக்கு மட்டை மணிக்கூட்டில் முள்ளைத் திருப்பித் திருப்பிப் பழக்கினதாகச் சொன்னா. அந்த நேரங்களைக் கேட்டவுடனே எனக்கு விளங்கியது. வேலிக்கரையில் நின்று அவள் பார்த்தது அதைத்தான். மணிக்கூடு பார்க்கத் தெரியாது என்று பட்டியலில் இருந்த பிள்ளை, சோதினை முழுவதையும் அங்கே நின்று எழுதாமல் இருந்து முடித்திருக்கிறாள்.

அவள் எழுதியிருந்தால் எழுபது எடுத்திருப்பாளோ என்று ரீச்சரைக் கேட்டேன். அப்போதும் புள்ளியைத்தான் கேட்டேன், பாரும். "எடுத்திருப்பாள் எண்டுதான் நான் நினைக்கிறன் ஐயா. எடுக்காட்டிலும் எழுதியிருப்பாள்" என்றா.

முடிவு வந்ததும் பதாகை தொங்கினது. பதினொரு பிள்ளைகளின் படம். யோசனை பலித்தது என்பதையும் மறைக்க மாட்டேன், அடுத்த தைக்கு முதலாம் வகுப்புக்குப் பதினான்கு பேர் பதிந்திருக்கிறார்கள். எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானும் குலுக்கினேன். கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஒருவருக்கும் உண்மையைச் சொல்லவில்லை.

போன மாதக் கடைசியில் கோபிகா ஒரு விசயம் சொன்னாள். நீர் பிள்ளையோடு கதைக்கும்போது, சோதினைக்குப் பயந்தோ காய்ச்சல் வந்தது என்று பகிடியாகக் கேட்டீராம். அவள் "ஓம் அப்பா" என்றாளாம். நான் சொன்ன பொய்யைப் பிள்ளை தன் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறாள். வகுப்பில் இப்போது கை உயர்த்துவதில்லையாம். மட்டை மணிக்கூட்டை எடுத்தால் யன்னலைப் பார்க்கிறாளாம். எனக்கு இல்லை ரீச்சர், மற்றப் பிள்ளையளைக் கேளுங்கோ என்கிறாளாம்.

செய்ததைச் சொல்லுகிறேன், பெருமைக்கு அல்ல. பதாகையை நானே ஏணி வைத்து இறக்கினேன். சங்கக் கூட்டத்தில் ஒன்பது தாய்தகப்பனுக்கு முன்னால் நடந்ததைச் சொன்னேன். உமக்கு நானே எழுதும் வரை பொறுக்கச் சொல்லிக் கோபிகாவைக் கேட்டுக்கொண்டேன். இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள், போக வேண்டியவர்கள்தான். அடுத்த முறை எல்லாப் பிள்ளையும் எழுதும் என்று தீர்மானம் எழுதி அதிபரும் கையெழுத்து வைத்தார். அவரையும் நான்தானே அந்த வழியில் இழுத்தேன். என்ன வேண்டும் என்று ரீச்சரைக் கேட்டேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. காலமை முதல் ஒரு மணித்தியாலம் தன்னைக் கந்தோர் வேலைக்குக் கூப்பிடக் கூடாது, மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத ஏழு பேரோடு தன்னை இருக்கவிட வேணும் என்றா. படிவம் நிரப்புகிற வேலைக்கு என்ரை கடையில் கணினி பார்க்கிற தயாளினியைத் தினமும் அனுப்புகிறேன். கொட்டில் தராசும் இப்போது பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது.

இதெல்லாம் இனி வருகிற பிள்ளைகளுக்கு. நிவேதனாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வழியில்லை. இரண்டு தரம் உம்முடைய வீட்டுக்குப் போனேன். பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் தரம் போய்ச் சொல்லுவேன். அதற்கு முன் நீர் அறிய வேணும், ஏனென்றால் என்ரை பொய்யில் இருந்து அவள் முதலில் உம்மிடம்தான் விடுபட வேணும்.

என்னை ஏசுகிறதென்றால் ஏசும். இனி என்னோடு கதைக்க மாட்டேன் என்றாலும் நான் மறுத்து ஒரு கதை சொல்ல மாட்டேன். உம்மிடம் ஒன்றைத்தான் இரந்து கேட்கிறேன். கடிதம் கிடைத்தவுடனே பிள்ளையோடு கதையும். உனக்குக் காய்ச்சல் இல்லை, நீ பயப்படவும் இல்லை, கடை மாமா எல்லாம் எழுதிப்போட்டார் என்று சொல்லும். பிறகு, இப்போது உன்னுடைய மணிக்கூட்டில் நேரம் என்ன, எனக்கு இங்கே நேரம் என்னவாயிருக்கும் என்று கேளும். இரண்டரை மணித்தியாலம் கழிக்க வேணும். மணிக்கூடு இன்னும் அந்தப் பென்சில் பெட்டிக்குள்தான் கிடக்கிறது, எடுத்துவரப் போவாள். வந்து விரலை மடித்து எண்ணுவாள். எவ்வளவு பிந்தினாலும் நீர் விடையைச் சொல்லிவிடாதேயும். அவள் சொல்லும் வரை போனை வைக்காதேயும்.

உமக்கும் உம்முடைய வீட்டாருக்கும் ஒரு குறையும் வராமல் அம்மாளாச்சி காக்கட்டும்.

இப்படிக்கு,
உம்மிடம் மன்னிப்புக் கேட்கவும் கூசுகிற
ஆழ்வாப்பிள்ளை சிவசுப்பிரமணியம்