தலைக்கு மேல போகாத கை

கண்ணு,

எனக்குப் பதிலா நீயே பால்குடம் தூக்குறேன்னு எழுதியிருந்தே. ஆனா நீ தூக்குனா அது உன் பால்குடம்தானே? பொழச்சா மாசி மகத்துக்குத் தூக்குறேன்னு வேண்டிக்கிட்டது நானாச்சே.

மாருல ஆபரேசன் பண்ணி எட்டு மாசம் ஆச்சு. பாச்சாங் பாசார்ல காய்கறி வாங்கப் போனா பாக்குற ஆளெல்லாம், "ஒன்னாவது ஸ்டேஜ் கேன்சர்தானே லா, சாமி காப்பாத்திட்டாரு"ங்கிறாங்க. நானும் சிரிச்சிக்கிட்டே ஆமாங்கிறேன். எடது கை தோளுக்கு மேல போகல கண்ணு. உன் பெரியப்பாதான் எனக்குத் தலை சீவி விடறாரு. கண்ணாடியில என் மொகத்தப் பாக்காமலேயே சீவுறாரு.

குடத்த ரெண்டு கையாலயும் புடிக்கணுமே, அதுக்காகத் தெனமும் முருகன் படத்துக்கு முன்னால வெறும் செம்பத் தலைக்குத் தூக்கப் பழகுனேன். முந்தாநாளு அதுவும் நழுவி விழுந்துருச்சு. அதுலேர்ந்து நான் வெளக்கு ஏத்தல. உங்கம்மாகிட்ட சொல்லிடாத, அழுவா.

நீ எனக்காக, பத்து பெரண்டாம் ஊருல இருக்குற உன் ஃபேக்டரியில லீவு கேக்க வேணாம். வேளாவேளைக்குச் சாப்புடு.

இப்படிக்கு,
உன் பெரியம்மா

இப்பதான் ஞாபகம் வருது. ஆபரேசனுக்குத் தள்ளிக்கிட்டுப் போறப்ப, உசுர மட்டும் குடுப்பா முருகான்னுதான் கேட்டேன். கையக் கேக்க மறந்துட்டேன்.